கவசங்களுக்கும் ஊர் உண்டு: அருங்காட்சியகப் படைக்கலங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

வேப்பூரிலும் விருத்தாசலத்திலும் பழம்பொருள் பாதுகாப்புக்காக வேலை செய்யும் எங்கள் அமைப்பு, அருங்காட்சியகங்களில் உள்ள பழைய கவசங்கள், ஆயுதங்களின் கைமாறிய வரலாறு பற்றி இந்த அறிக்கையை வெளியிடுகிறது. சாமி சிலைக்காகப் பேசியவர்கள் இரும்புக்கு ஏன் வருகிறீர்கள் என்று உள்ளூரிலேயே கேட்கிறார்கள். சிலையை இழந்து மீட்ட அனுபவம்தான் காரணம்.

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் திருடுபோன பிறகு, அங்கே புதிய சிலை ஒன்று நின்றது. நாங்கள் அதைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். உண்மையான சிலையை 2004-ல் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் வாங்கியிருந்தது. 1970-லேயே டெல்லியில் விற்பனையானதாக ஒரு காகிதமும் காட்டப்பட்டது. அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கியவை, சிலை மாடத்திலேயே இருப்பதைக் காட்டும் பழைய புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

கவசத்துக்கு அப்படி மாடம் இல்லை. காணவில்லை என்று புகார் கொடுக்க அர்ச்சகரும் இல்லை. 1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. 1860-களில் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில பொருட்கள் எழும்பூரிலுள்ள சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டு, பழைய இரும்பின் விலைக்குப் போனது. தஞ்சைக் கட்டாரி என்ற குத்துவாளைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி தெரியும். பிடித்த கையின் புறங்கைமேல் இரும்பு மறைப்பு ஒன்று கவிந்திருக்கும். ஆயுதமும் கைக்கவசமும் ஒரே பொருளாகிவிட்ட வேலைப்பாடு அது. அத்தகைய கட்டாரிகள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் உயிலில் எழுதிவைத்து, 1935-ல் அங்கே சேர்ந்த சேகரிப்பின் வழியாக வந்தவை. கொடுத்தவர் பெயர் தெரிகிறது. தஞ்சைக்கும் அவருக்கும் நடுவே எத்தனை கை மாறியது என்பதுதான் எங்கள் கேள்வி.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரீஸில் யானைக் கவசம் ஒன்று இருக்கிறது. சின்னச் சின்ன இரும்புத் தகடுகளை வளையங்களால் கோத்தது. நடுநடுவே சதுரத் தகடுகளில் யானை, தாமரை, பறவை, மீன். எஞ்சியிருப்பதே 118 கிலோ. பிளாசிப் போரில் ராபர்ட் கிளைவ் கைப்பற்றியது என்ற கதை அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அதை 1801-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர், ராபர்ட்டின் மகனும் சென்னை ஆளுநராக இருந்தவருமான எட்வர்ட் கிளைவின் மனைவி. வீரக்கதை ஒரு பொருளின் உண்மையான வழியை மறைத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேப்பூர் ஆட்டுச் சந்தையில் எந்த ஊர் ஆடு என்று கேட்காமல் யாரும் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. அருங்காட்சியகம் அதைவிடக் குறைவாகக் கேட்கக் கூடாது.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள் என்று நாங்கள் கோரவில்லை. திருட்டு என்று தெளிவானால் திருப்பித்தான் ஆக வேண்டும். அதில் பேரம் இல்லை. ஆனால் போரில் எடுத்தது, பரிசாக வந்தது, அரசே ஏலம் விட்டது என்று வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் நியாயம் வேறு. எந்த வழி என்று தெரிந்தால்தான் நியாயம் பேசவே முடியும். ஆகவே யாரிடமிருந்து, எந்த ஆண்டில், என்ன விலைக்கு வந்தது என்பதைக் காட்சிப் பலகையிலேயே எழுத வேண்டும். விவரம் அறுந்துபோன இடத்தில் அறுந்திருக்கிறது என்றே எழுத வேண்டும். “தென்னிந்தியா, 17-ம் நூற்றாண்டு” என்பது முகவரி ஆகாது. உடைமைச் சான்று முழுமையாக இல்லாத கவசத்தை இனி எந்த அருங்காட்சியகமும் வாங்கவோ நன்கொடையாக ஏற்கவோ கூடாது.

இதை வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. தொடக்கம் எழும்பூரில் இருக்கட்டும். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த ஒவ்வொரு பொருளின் பதிவேட்டுக் குறிப்பையும் புகைப்படத்தோடு தமிழில் வெளியிடும்படி சென்னை அரசு அருங்காட்சியகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். பழைய பதிவேடுகளைப் படியெடுக்க ஆள் தேவைப்பட்டால் நாங்கள் வருகிறோம்.