குடிபெயரும் அணியும் ஊரில் நிற்கும் பெயரும்

ஓர் ஊரில் பிறந்து, அவ்வூர் மக்களின் கைத்தட்டலில் வளர்ந்த விளையாட்டு அணியொன்று, வருவாய் கருதி வேறோர் ஊருக்குக் குடிபெயர்கிறது. அவ்வாறு செல்லும்போது தன் பெயரையும் சின்னத்தையும் வண்ணத்தையும் உடன் எடுத்துச் செல்லலாமா? அன்றி, அவற்றைப் பழைய ஊரிலேயே விட்டுச் செல்ல வேண்டுமா? வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி உலகில் நெடுங்காலமாகத் தீராதிருக்கும் வழக்கு இது. தமிழ்த்துறை மலரில் இவ்வழக்கிற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பெயர் பற்றிய வழக்கு எதுவாயினும் அது ஒருநாள் இலக்கணத்தின் வாயிலுக்கு வந்தே தீரும் என்பதே நம் விடை.

ஹாக்கி என்றதும் நம்மவர் புல்தரையை நினைப்பர். ஈண்டுப் பேசப்படுவது உறைபனித் தளத்தில், சறுக்குக் காலணி பூண்டு, 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லையை மட்டையால் அடித்து ஆடும் ஆட்டம். 1917-இல் கனடாவில் தோன்றிய தேசிய ஹாக்கி லீக் இதன் தலைமை அமைப்பாகும். அதில் ஆடும் அணிகள் முதலாளிகளின் உடைமைகள். அரங்கம் பழையதாகிவிட்டாலும், புதிய அரங்கம் கட்டப் பொதுப்பணம் கிடைக்காவிட்டாலும், வரவினும் செலவு மிகுந்தாலும், முதலாளியானவர் லீக்கின் ஒப்புதலைப் பெற்று அணியை வேறு நகருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊராருக்கு அதில் வாக்கு இல்லை.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுப்பார். அணிகளின் பெயர்களுள் பல காரணப்பெயர்களே. மினசோட்டா மாநிலத்தின் குறிக்கோளுரை 'வடக்கின் விண்மீன்' என்பது. 1967-இல் அங்கு ஆடத் தொடங்கிய ஹாக்கி அணிக்கு 'நார்த் ஸ்டார்ஸ்' என்ற பெயர் அமைந்தது. அதே மாநிலம் ஏரிகள் மலிந்தது. ஆதலின் அங்கிருந்த கூடைப்பந்து அணி 'லேக்கர்ஸ்' எனப்பட்டது. அவ்வணி 1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றபோது பெயரும் உடன் சென்றது. ஏரிகளால் பேர்பெறாத நகரில் ஏரிநாட்டார்! ஜாஸ் இசையின் தாயகமான நியூ ஆர்லியன்ஸ் நகரின் 'ஜாஸ்' அணி, 1979-இல் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குச் சென்று, இன்றளவும் அப்பெயரிலேயே கூடைப்பந்து ஆடி வருகிறது. காரணப்பெயராய்ப் பிறந்தவை இடம் மாறியதும் இடுகுறிப்பெயராய்த் தேய்ந்தன. நார்த் ஸ்டார்ஸ் அணி 1993-இல் தெற்கே டாலஸ் சென்றபோது 'நார்த்' என்னும் அடையை மட்டும் உதிர்த்து 'ஸ்டார்ஸ்' ஆயிற்று. டெக்சாஸ் 'ஒற்றை விண்மீன் மாநிலம்' எனப்படுவதால் பாதிப் பெயர் பொருந்திற்று. பாதியேனும் பொருந்திற்றே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

இலக்கணம் இன்னொன்றும் சொல்கிறது. 'ஊர் சிரித்தது' என்றால் கல்லும் மண்ணும் சிரித்ததாக யாரும் கொள்வதில்லை. ஊரார் சிரித்தனர் என்பதே பொருள். இதனை இடவாகுபெயர் என்கிறோம். 'வின்னிபெக் வென்றது' என்று நாளேடு எழுதும்போதும் அதுவே நிகழ்கிறது. மட்டைகளையும் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களையும் முதலாளி வண்டியில் ஏற்றிச் செல்ல இயலும். அந்த ஆகுபெயர் குறிக்கும் மக்களை எந்த வண்டியில் ஏற்றுவது?

வின்னிபெக்கின் கதையைச் சற்று விரித்துரைப்போம். கனடாவின் மானிட்டோபா மாகாணத் தலைநகரான அவ்வூரில் 1972-இல் 'ஜெட்ஸ்' என்ற அணி ஆடத் தொடங்கி, 1979-இல் தேசிய ஹாக்கி லீக்கில் இடம்பெற்றது. டேல் ஹவர்சுக் என்ற இளைஞர் அங்கே வளர்ந்து புகழ்பெற்றார். பின்லாந்திலிருந்து வந்த டீமு செலானே 1992-93 பருவத்தில் தம் முதல் ஆண்டிலேயே 76 கோல்கள் அடித்தார். புதுமுக ஆட்டக்காரர் எவரும் அந்த எண்ணிக்கையைத் தாண்டியதில்லை. பணமுடை முற்றி அணி ஊரை விட்டுப் போகும் என்ற செய்தி 1995-இல் பரவியதும் பல்லாயிரவர் திரண்டனர். சிறுவர்கள் தம் உண்டியல்களை உடைத்துக் காசு கொடுத்தனர். அவையெல்லாம் ஓராண்டுத் தவணையையே பெற்றுத் தந்தன. 1996-இல் அணி அமெரிக்கப் பாலைநிலமான அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குச் சென்று 'கயோட்டீஸ்' என்று பெயர் மாறிற்று. கயோட்டி என்பது ஓநாய் இனத்து விலங்கு. பாலைக்குப் பொருந்திய பெயர்தான்.

பெயர் மாறியது நன்று. ஆனால் சாதனைப் பதிவேடு அணியோடு சென்றுவிட்டது. செலானே வின்னிபெக்கில் அடித்த 76 கோல்களும் பாலைநில அணியின் கணக்கில் எழுதப்பட்டன. ஹவர்சுக் கயோட்டீஸ் அணிக்காக ஒருநாளும் ஆடியவரல்லர். 1990-இலேயே வேறு அணிக்கு மாற்றப்பட்டவர். எனினும் அவருடைய 10-ஆம் எண் அரிசோனா அரங்கில் பெருமையுடன் ஏற்றப்பட்டது. அங்கு அமர்ந்திருந்தோரில் அவர் ஜெட்ஸ் உடையில் ஆடக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

2011-இல் அட்லாண்டா நகரின் 'திராஷர்ஸ்' அணி விலைபோய் வின்னிபெக்கிற்கு வந்தது. புதிய உரிமையாளர்கள் உடனே பெயரை அறிவிக்கவில்லை. ஊர் மக்களோ பழைய பெயரையே கேட்டு நின்றனர். சில வாரங்களில் 'ஜெட்ஸ்' மீண்டது. சின்னமும் நிறமும் கனடிய விமானப்படையை நினைவூட்டும் வகையில் புதிதாய் அமைந்தன. பெயர் திரும்பியபின்னும் ஏடு திரும்பவில்லை என்பதே இதில் விந்தை. 2011-இல் லீக் வகுத்த கணக்கின்படி புதிய ஜெட்ஸின் வரலாறு 1999-இல் அட்லாண்டாவில் தொடங்குகிறது. பழைய ஜெட்ஸின் வரலாறு ஃபீனிக்ஸில் தொடர்ந்தது. ஹவர்சுக் 2020-இல் மறைந்தார். 2022-இல் அவருக்குச் சிலை எழுப்பிய ஊர் எது? வின்னிபெக். சிலை ஓரிடத்தும் ஏடு வேறிடத்தும் இருக்கும் நிலையை முறை என்று ஒப்ப நம்மால் இயலவில்லை.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுப் பேசுவது அறிவுடையோர்க்கு அழகன்று. முதலாளி தரப்பார், "விலை கொடுத்து வாங்கிய பொருளோடு அதன் பெயரும் எமதே" என்பர். சட்டம் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கும். நம் மார்க்கம் அமானிதம் என்றொரு கருத்தைக் கற்பித்திருக்கிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவர் அதன் காவலரே தவிர, தம் விருப்பப்படி கையாளும் உடைமையாளர் அல்லர். ஆட்டக்காரர்களின் ஊதியத்தை முதலாளி தந்தார்; பெயருக்கு மதிப்பைத் தந்தவர்கள் யார்? கடுங்குளிரிலும் அரங்கிற்கு வந்தமர்ந்த தந்தையரும், அவர்தம் விரல் பற்றி வந்த பிள்ளைகளும் அல்லரோ? அவர்கள் தந்த மதிப்பு முதலாளியின் கையில் இருக்கும் அமானிதம் என்றே நாம் கருதுகிறோம்.

இரண்டாவது வாதம் இதனினும் வலியது. புலம்பெயரும் மனிதன் தன் ஊர்ப்பெயரைச் சுமந்து செல்லவில்லையா? ஸல்மான் ஃபார்ஸி (ரலி) மதீனாவில் வாழ்ந்தும் பாரசீகத்தார் என்றே அழைக்கப்பட்டார். ஸுஹைப் ரூமி (ரலி) அவர்களும் அவ்வாறே. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களை நினைக்கும்போதெல்லாம் புகாரா நகரும் நம் நினைவில் எழுகிறது. அங்ஙனமாயின் அணிக்கு மட்டும் அவ்வுரிமை ஏன் கூடாது? கூர்ந்து நோக்கின் வேறுபாடு தெளிவாகும். புகாரீ என்ற பெயர் புகாராவைச் சென்றவிடமெல்லாம் அறிமுகம் செய்தது. புகாராவிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. குடிபெயரும் அணி முதலில் உதிர்ப்பதே ஊர்ப்பெயரைத்தான். 'மினசோட்டா' போய்விடும், 'ஸ்டார்ஸ்' நிற்கும். ஊரை நினைவூட்டும் பகுதியைக் களைந்து, விலைபோகும் பகுதியை வைத்துக்கொள்வது நன்றியறிதல் ஆகாது.

கால்கரியின் சான்றையும் மறைக்க வேண்டியதில்லை. அட்லாண்டா நகரம் 1864-இல் உள்நாட்டுப் போரின்போது தீக்கிரையானது. அதன் நினைவாக அங்கு 1972-இல் தோன்றிய அணி 'ஃபிளேம்ஸ்', அதாவது தீச்சுடர்கள், எனப்பட்டது. 1980-இல் கனடாவின் கால்கரிக்குச் சென்றபோது அது பெயரை மாற்றவில்லை. எரியும் 'ஏ' எழுத்து எரியும் 'சி' எழுத்தாயிற்று. கால்கரி எண்ணெய் வளத்தால் செழித்த நகரமாதலின் சுடருக்குப் புதுக் காரணம் கிடைத்தது. 1989-இல் ஸ்டான்லி கோப்பையையும் அப்பெயர் வென்றது. அட்லாண்டாவும் அதைத் திரும்பக் கேட்டு வாதாடவில்லை. 1999-இல் புதிய அணி கிடைத்தபோது தன் மாநிலப் பறவையின் பெயரைச் சூட்டிக்கொண்டது. இத்தகைய பொருத்தம் அரிதாக வாய்ப்பது. அதை விதியாக்கிப் பிறரெல்லாம் பின்பற்றலாம் என்பது பொருந்தாது.

ஹார்ட்ஃபோர்டுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவ்வூர்த் 'திமிங்கில வேட்டையர்' அணி 1997-இல் வட கரோலினாவிற்குச் சென்று 'ஹரிகேன்ஸ்' ஆயிற்று. நீல நிறத்தில் திமிங்கிலத்தின் வாலும் பச்சை நிறத்தில் 'டபிள்யூ' எழுத்தும் சேர, இடைவெளியில் 'எச்' எழுத்துத் தோன்றும் அதன் சின்னம் வரைகலையாளர் இன்றும் போற்றுவது. இருபதாண்டுகள் பெட்டியில் கிடந்த அச்சின்னத்தை 2018 டிசம்பரில் ஹரிகேன்ஸ் அணி எடுத்து அணிந்து ஓர் ஆட்டம் ஆடிற்று. சட்டைகளும் விற்பனைக்கு வந்தன. ஊரை விட்டுச் சென்றவர்கள் அவ்வூரின் ஏக்கத்தையும் விற்றுப் பணமாக்குவதைக் கண்டு மனம் கசந்த ஹார்ட்ஃபோர்டு அன்பர்களை நாம் குறைகூற மாட்டோம்.

பெயரை விட்டுச் சென்றால் அணி வறுமையுறும் என்பது மெய்யன்று. கியூபெக்கின் 'நோர்டிக்ஸ்', வடபுலத்தார் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைத் துறந்து 1995-இல் கொலராடோ சென்று 'அவலாஞ்ச்' ஆனது. அடுத்த ஆண்டே ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது. அமெரிக்கக் கால்பந்தில் கிளீவ்லாந்து 'பிரவுன்ஸ்' அணியைப் பால்டிமோருக்கு மாற்ற உரிமையாளர் 1995-இல் முனைந்தபோது, அந்நகரம் நீதிமன்றம் ஏறியது. 1996-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பெயரும் நிறமும் சாதனைப் பதிவும் கிளீவ்லாந்திலேயே நின்றன. 1999-இல் அங்குப் புதிய அணி அதே பெயரில் களமிறங்கியது. பால்டிமோர் சென்ற அணியோ, அந்நகரில் மறைந்த கவிஞர் எட்கர் ஆலன் போவின் புகழ்பெற்ற கவிதையை எண்ணி 'ரேவன்ஸ்' என்று பெயர் சூடிக்கொண்டது. முரட்டு ஆட்டமொன்றின் அணிக்குக் கவிதையிலிருந்து பெயர்! தமிழ் மாணவர் இதைக் கேட்டு மகிழாதிருக்க முடியுமா? அவ்வணி பின்னர் இருமுறை வாகை சூடியது. நாம் வேண்டும் முறை இதுவே.

அண்மையில் யூட்டாவில் நிகழ்ந்தது பாதி வழி வந்திருக்கிறது. கயோட்டீஸ் அணிக்கு அரிசோனாவில் நிலையான அரங்கம் அமையவில்லை. இறுதி இரு பருவங்களில் பல்கலைக்கழகமொன்றின், ஐயாயிரம் பேரளவே கொள்ளும் சிற்றரங்கில் ஆடிற்று; புதிய அரங்கத் திட்டத்தை டெம்பி நகர வாக்காளர்கள் 2023-இல் மறுத்துவிட்டனர். 2024-இல் ஆட்டக்காரர்கள் யாவரும் சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றப்பட்டனர். பெயரும் சின்னமும் பதிவேடும் மாற்றப்படவில்லை. புதிய அணி பெயரின்றியே, 'யூட்டா ஹாக்கி கிளப்' என்று ஓராண்டு ஆடியது. இரசிகர்களிடம் பலமுறை வாக்குக் கேட்டு, 2025 மே திங்களில் 'மாமத்' என்ற பெயரை ஏற்றது. பண்டைய மாமத் யானையின் எலும்புகள் கிடைத்த மாநிலம் அது, ஆக, காரணப்பெயர். ஜாஸ் ஆடும் அதே அரங்கில் மாமத்தும் ஆடுகிறது என்பது காலத்தின் குறும்பு போலும்! ஓராண்டுப் பொறுமையைப் பிற முதலாளிகளும் கற்றுக்கொள்ளலாம். மணமகளை அழைத்துவரும் முன்பே பெயர் பொறித்த பாத்திரங்களை விற்கத் துடிப்போர் அவ்வுலகில் மிகுதி.

எஞ்சியது அரிசோனாவின் கணக்கு. கயோட்டீஸ் பெயரைத் தம் கையில் வைத்திருந்த பழைய உரிமையாளர் 2024 ஜூனில் முயற்சியைக் கைவிட்டார். அந்தப் பெயரையும் 1996 முதல் 2024 வரையிலான பதிவுகளையும் லீக் அரிசோனாவுக்கென்றே காத்து வைக்க வேண்டும். வேறோர் ஊருக்கு விற்கலாகாது. அட்லாண்டாவின் 1999 முதல் 2011 வரையிலான பதிவுகள் அட்லாண்டாவின் பெயரிலேயே நிற்கட்டும். செலானேயின் 76 கோல்களும் ஹவர்சுக்கின் 10-ஆம் எண்ணும் வின்னிபெக்கின் ஏட்டில் எழுதப்படட்டும். இதற்கு அரங்கம் கட்ட வேண்டியதில்லை, பணமும் தேவையில்லை. லீக்கின் அலுவலகத்தில் ஒரு தீர்மானமும் ஓர் எழுத்தரின் ஒரு பிற்பகலும் போதும்.