வெட்டினால் விடியுமா?

நட்புக்காக உயிரைக் கொடுப்பது வீரமாம்; நட்புக்காக உயிரை எடுப்பது அதனினும் பெரிய வீரமாம்! வெள்ளித்திரை நடத்தும் பாடம் இது. தோல் தொழிற்சாலைக்குத் தாயையும் தந்தையையும் அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு வரும் ஆம்பூர், வாணியம்பாடிச் சிறுவர்கள் கணக்கை மறப்பர். கதாநாயகன் அரிவாள் வீசிய காட்சியை மறவார்!

2008-இல் சசிகுமார் இயக்கிய 'சுப்ரமணியபுரம்' படத்தையே எடுத்துக்கொள்வோம். களம், 1980-இன் மதுரை. ஐந்து நண்பர்கள். பதவி கிட்டாத அரசியல் குடும்பம் ஒன்று அவர்களை ஏவுகிறது; வெட்டுகிறார்கள். ஏவியவர் மாளிகையில், வெட்டியவர் சிறையில்! பிறகு, பழிக்குப் பழி. காதலை வலையாக விரித்து அழகரைக் கொல்கின்றனர். அழகருக்காகப் பரமன் ஒரு தலையைக் கொய்கிறான். பரமனைத் தோழன் காசியே காட்டிக்கொடுக்கிறான். 28 ஆண்டுகள் கழித்து, சிறையினின்று வெளிவரும் காசியின் உயிரும் பறிக்கப்படுகிறது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள், தோழர்களே! மிஞ்சியது என்ன? பிணங்கள். வேலையற்ற இளைஞனைக் கூலிப்படையாக்கும் அரசியல் ஒழிந்ததா? இல்லை. எய்தவன் ஒருவன் வீழ்ந்தான்; எய்யும் முறை நின்றது. படம் இந்த அழிவை மறைக்கவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் கொட்டகையில் கைதட்டல் எழுந்தது அழிவைக் கண்டா, அரிவாளைக் கண்டா?

நம் மண்ணிலும் துயரம் உண்டு. 2015 ஜனவரி 31. இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. உறங்கிக் கிடந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டனர். ஒன்பது பேர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கும் பால்ய நண்பர்கள் இருந்திருப்பர். அந்த நண்பன் யாரை வெட்டுவான்? சுவரையா, சேற்றையா? பேராசைக்குக் கழுத்து ஏது, அரிவாளால் அறுக்க!

"சட்டம் ஆமை நடை போடுகிறதே" என்பர். உண்மை. பாலாற்றை நஞ்சாக்கிய தோல் தொழிற்சாலைகள்மீது 1991-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. மாசு செய்தவனே ஈடு தரவேண்டும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, மாசு செய்தோரிடம் அதனை வசூலிக்குமாறு 2025 ஜனவரியில் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையே 29 ஆண்டுகள்! வெட்கக்கேடுதான். ஆனால் படத்தின் பழியும் 28 ஆண்டுகள் காத்திருந்ததே! அந்தக் காத்திருப்பு ஈன்றது ஒரு பிணம். இந்தக் காத்திருப்பு ஈன்றது, இந்தியா முழுமைக்கும் பொருந்தும் ஒரு நீதி. எந்தக் காத்திருப்பு மேல்?

இது நமக்குப் புதிதன்று. அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' 1949-இல் திரைக்கு வந்தது. கடன் கொடுமையால் தூக்கில் தொங்கிய தந்தையைக் கண்ட ஆனந்தன் கத்தியைத் தீட்டுகிறான். நண்பன் மணி தடுக்கிறான். அறிவால் வெல்லும் வழியைக் காட்டுகிறான். கத்தியை எடுத்துத் தருபவன் மட்டுமா நண்பன்? கையைப் பிடித்துத் தடுப்பவனன்றோ நண்பன்!

திரைக்கலைஞர்களே, அந்த மணியை மீண்டும் படையுங்கள். இளைஞர்களே, இறந்த நண்பனுக்காக அழுங்கள். அழுத கையோடு சங்கத்தில் சேருங்கள், சட்டத்தைப் படியுங்கள், அடுத்த சுவர் இடியாமல் காவுங்கள். இன்னொரு நண்பன் சாகாதிருப்பதே இறந்தவனுக்கு நாம் செலுத்தும் பழி!