கடைக்கு லைசென்ஸ் இருக்கு, கைக்கு?

"நெயில் டெக்னீஷியன் கோர்ஸ் சேரலாமா டாக்டர்?" ஓபியில் இந்தக் கேள்வி இப்ப அடிக்கடி வருது. பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகள் கேக்குறாங்க, குழந்தைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற அம்மாக்களும் கேக்குறாங்க. தாராளமா சேருங்க. வீட்டுல இருந்தே சம்பாதிக்கக்கூடிய நல்ல தொழில். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை முழுசா படிச்சிடுங்க.

"மூன்று நாளில் லைசென்ஸ்" என்று விளம்பரம் வருகிறதே, அதை நம்பாதீங்க. நம் நாட்டில் நெயில் டெக்னீஷியனுக்கு அரசு லைசென்ஸ் என்ற ஒன்றே கிடையாது. ஐடிஐயில் பத்தாவது முடித்தவர்களுக்கு ஒரு வருட காஸ்மெட்டாலஜி பிரிவு இருக்கு. அழகுக்கலைத் துறைக்கான திறன் கவுன்சில் தரும் சான்றிதழ்களும் இருக்கு. இரண்டுமே உருப்படியானவை. ஆனா அவை இல்லாமல் தொழில் செய்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்தில் வாங்கும் லைசென்ஸ் கடைக்கு. உள்ளே உட்கார்ந்து நகத்தோரத்தைச் சுரண்டும் கைக்கு எந்தப் பரீட்சையும் இல்லை.

இது எனக்கு ஏன் உறுத்துது? நகத்தின் அடிப்பக்கம் மெல்லிசா ஒரு தோல் ஒட்டியிருக்குல்ல, க்யூட்டிகிள், அது சும்மா ஒட்டியிருக்கல. ஜாடி மூடியைச் சுத்தி மெழுகு வெச்ச மாதிரி, கிருமி உள்ளே போகாம அடைச்சு வெச்சிருக்கு. பார்லர்ல பல பேர் முதல்ல வெட்டுறதே அதைத்தான். அப்புறம் நகச்சுத்து வரும். ராத்திரி முழுக்க விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கிட்டு ரெண்டு நாள் பார்த்துட்டு, சீழ் கட்டினப்புறம் எங்ககிட்ட வருவாங்க. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இதே விஷயம் கால் விரலில் நடந்தா, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரைக்கும் போகலாம். நளன் காலைச் சரியா கழுவாம விட்ட இடம் வழியாத்தான் சனி பிடிச்சார்னு நம்ம ஊர்க்கதை சொல்லுது. உணர்ச்சி மரத்த காலோட பெடிக்யூர் பண்ணிக்கப் போறவங்க அந்தக் கதைய ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

அடுத்தது கருவிகள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். நீல விளக்கு எரியுற டப்பாவில் கத்தரியைப் போட்டு எடுத்தா சுத்தமாயிடாது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறதும் போதாது. முதலில் சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்க்கணும், அப்புறம் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைக்கணும். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் இதைச் செய்யுறவங்களை நீங்க எத்தனை பார்லர்ல பார்த்திருக்கீங்க?

அமெரிக்காவில் இதுக்கு லைசென்ஸ் கட்டாயம். நியூயார்க்கில் 250 மணி நேரப் பயிற்சி, கலிபோர்னியாவில் 400, டெக்சாஸில் 600. "அங்க மட்டும் எல்லாம் ஒழுங்கா?"ன்னு கேப்பீங்க. இல்லைதான். 2000-ல் கலிபோர்னியாவின் வாட்சன்வில் ஊரில் ஒரே கடையில் கால் ஊறவைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியா வந்தது. காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமி ஒண்ணு. தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோலும் தேங்கி, அதைக் கழுவாமலே விட்டிருந்தாங்க. லைசென்ஸ் அதைத் தடுக்கல. ஆனா அதற்குப் பிறகு தொட்டியை எப்படிக் கழுவணும்னு விதி போட ஒரு வாரியம் இருந்தது, அந்த விதி போய்ச் சேர லைசென்ஸ் வைத்திருந்த கைகள் இருந்தன. இங்கே அப்படி ஒண்ணு நடந்தா யாருக்கு ஓலை அனுப்புவது?

தொழில் செய்யுறவங்க உடம்பைப் பத்தி யாருமே பேசுறதில்ல, எனக்கு அதுதான் பெரிய கவலை. ஜெல், அக்ரிலிக் எல்லாமே அக்ரிலேட் வகை ரசாயனம். விளக்கில் சரியா இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கிட்டே இருந்தா அலர்ஜி வரும். ஒரு தடவை வந்தா பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். பல் அடைக்கிற சிமெண்டிலும் இதே குடும்ப ரசாயனம் இருக்கு, பின்னால அங்கேயும் பிரச்சனை வரலாம். மெல்லிய கையுறையையும் சில நிமிஷத்தில் தாண்டிடும். ஐரோப்பாவில் ஹெமா என்ற பொருள் கலந்த நகப்பூச்சுகளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்னு கட்டுப்படுத்தியிருக்காங்க. நம்மூர்ப் பொண்ணு ஆன்லைனில் பேர் தெரியாத பாட்டிலை வாங்கி, ஃபேன் கூட இல்லாத அறையில் உட்கார்ந்து வேலை பார்க்குது.

லைசென்ஸ்னு வந்தா ஏழைப் பெண்களுக்குக் கதவு அடைபடும்னு சிலர் சொல்றாங்க. நியாயமான பயம். 600 மணி நேரமும் லட்ச ரூபாய் ஃபீஸும் நானும் கேக்கல. ஆனா 1975-ல் சாக்ரமெண்டோ அருகே அகதி முகாமில் இருந்த வியட்நாம் பெண்கள் இருபது பேருக்கு டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை நகக்கலை கத்துக்க ஏற்பாடு செய்தார். அவங்க பயிற்சி முடிச்சு லைசென்ஸ் வாங்கினாங்க. இன்னைக்கு அமெரிக்க நகக்கடைகளில் பெரும்பங்கு வியட்நாமியர் கையில். அதனால எனக்கு வேண்டியது: அரசு ஐடிஐயில், தமிழில், இலவசமா, சில வாரப் பயிற்சி. கிருமிநீக்கம், தோல், ரசாயனம் இந்த மூணிலும் செய்முறைத் தேர்வு. பாஸ் பண்ணினா புகைப்படத்தோட அட்டை, கடைச் சுவரில் மாட்டணும். புதுச்சேரி மாதிரி சின்ன யூனியன் பிரதேசம் மனசு வெச்சா இதை முதலில் செய்து காட்டலாம்.

அதுவரைக்கும், ஃபீஸ் கட்டப் போற இடத்தில் ஆட்டோகிளேவைக் கண்ணால காட்டச் சொல்லுங்க. எத்தனை மணி நேரம் கிருமிநீக்கம் சொல்லித் தருவாங்கன்னு கேளுங்க. சிரிச்சாங்கன்னா எழுந்து வந்துடுங்க. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ்: இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசத்தில் ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. முதல் கஸ்டமர் கையைத் தொடுறதுக்கு முன்னாடி அதை ஆரம்பிச்சிடுங்க.