கண்ணாடி மேல் கோபம்

வெறும் கூத்து என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன்.

1988-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘ரெட் டுவார்ஃப்’ தொடரில் ‘பாரலல் யூனிவர்ஸ்’ என்று ஓர் அத்தியாயம். அந்த உலகத்தில் பெண்கள் ராஜ்யம். பிள்ளை பெறுவது ஆண்கள். லிஸ்டர் தன் பெண் வடிவத்தோடு ஓரிரவு கழித்துக் கர்ப்பமாகிறான். ரிம்மரோ ஆர்லீன் என்ற தன் பெண் வடிவத்திடம் அகப்படுகிறான். பெண்களிடம் அவன் காட்டும் அசட்டுச் சேஷ்டைகளையே அவள் அவனிடம் காட்ட, அருவருத்து நடுங்குகிறான்!

சிரித்தேன், பிறகு சுருக்கென்றது. மறுக்கும் பெண்ணை விடாமல் துரத்தும் கதாநாயகர்களை நானும் படைத்திருக்கிறேன். அதற்குக் காதல் என்று பெயரும் வைத்தேன். ஆர்லீன் செய்தால் அசிங்கம், என் கதாநாயகன் செய்தால் காதலா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் கூத்து என்று சொல்லுங்கள்.