அகழ்ந்த கையும் அழைத்த சொல்லும்

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலை வரிசையில் நாள்தோறும் எஃகுத் தகடு மகிழுந்தாக உருப்பெறுகின்றது. பணி முடிந்து வெளிவரும் தமிழிளைஞனை, “கை தொட்ட மாழை யாது?” என்று வினவுக. ‘ஸ்டீல்’ என்பான். எஃகு என்னும் சொல் அவன் நாவில் எழாது. இது சிறு குறையா?

உழவால் மாந்தன் ஊரமைத்தான். மண்ணகழ்ந்து மாழை எடுத்து நாடமைத்தான். ஏதென்சு நகரின் கப்பற்படை இலாரியம் வெள்ளிச் சுரங்கத்தின் செல்வத்தால் எழுந்தது. சைப்பிரசுத் தீவின் செம்பு நடுநிலக்கடல் நாடுகளை வளர்த்தது. ஆங்கிலம் முதலிய மேலை மொழிகளில் செம்பின் பெயரே அத்தீவின் பெயரினின்று கிளைத்ததுதான். பொருளைக் கொண்டவர் பெயரையும் கடன்கொண்டனர்.

தமிழன் அவ்வாறு கடன்கொண்டிலன். செம்மையாற் செம்பு, வெண்மையால் வெள்ளி, கருமை குறிக்கும் ‘இரு’ என்னும் அடியால் இரும்பு. பொன் என்பது மாழைப் பொதுப்பெயராகவும் நின்றமையின், இரும்பு கரும்பொன் ஆயிற்று. தானே அகழ்ந்தவன் தன் கண் கண்ட நிறத்தைத் தன் வாயாற் பெயரிட்டான்.

சொல் கூறுவதை மண்ணும் கூறுகின்றது. சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 வரை செல்கின்றது எனத் தமிழ்நாட்டரசு 2025 சனவரி 23-இல் அறிவித்தது. மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172. கொடுமணலில் இரும்புருக்கிய உலைகள் வெளிப்பட்டன. ‘உக்கு’ என்னும் தென்னாட்டுச் சொல்லே ‘ஊட்சு’ எனத் திரிந்து இங்கிலாந்து சென்றது. அவ்வெஃகின் திறமறிய ஃபாரடே போன்ற அறிஞரும் ஆய்ந்தனர். ஒரகடத்தின் அருகே வடக்குப்பட்டில் 2022-இல் அகழ்ந்தபோதும், கற்கருவிகளோடு உரோமக் குடவோடுகள் கிட்டின. தொழிற்சாலை எழுந்த மண் வெறுமண் அன்று.

அம்மண்ணின் மகன் இன்று கையை மட்டும் விற்கின்றான். அழுத்துபொறியின் மேலுள்ள எச்சரிக்கை அவன் அறியா மொழியில் இருப்பின், அவன் இழப்பது சொல்லை மட்டுமன்று, விரலையும்!

ஆகவே, தொழிற்பயிற்சி நூல்கள் நல்ல தமிழில் வருக. பொறிதோறும் தமிழ்க்குறிப்பு நிற்க. உலை, துருத்தி, மூசை, கசடு எனக் கொல்லன் காத்த சொற்களைத் தொகுத்து, புதுப்பொறிகளுக்குப் புதுச்சொல் படைக்கப் புலவரும் தொழிலாளரும் ஒருங்கமர்க. அரசு ஆணையிடட்டும், அதுவரை, தொழிலாளத் தோழன் காத்திராது, நாளை முதல் எஃகை எஃகென்றே சொல்லட்டும்!