சோற்றுக்குள் பூசணிக்காய், பெயின்டுக்குள் துரு

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு. "ரீஸ்டோர் செய்யப்பட்டது". பளபளக்கிற சிவப்பு பெயின்ட், குரோம் பம்பர், ஸ்போக் வீல், புதுத் தோல் சீட், பின்னால் மடக்கி வைத்த துணிக் கூரை... படத்தைப் பார்த்த உடனே பர்ஸைத் தடவ வைக்கிற விளம்பரம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன வேலை நடந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காரை எலும்பு வரைக்கும் பிரித்து மறுபடி கட்டினவரும் அதையேதான் சொல்கிறார். பட்டி பூசி பெயின்ட் அடித்தவரும் அதையேதான் சொல்கிறார். படத்தில் ரெண்டும் ஒன்றுதான்!

எம்.ஜி.பி. காரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு பக்கத்தில் அபிங்டன் என்ற சின்ன ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான கார். கூரை வைத்த ஜி.டி. மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1798 சி.சி. எஞ்சின், எளிமையான மெக்கானிசம், உதிரி பாகம் எல்லாமே இன்றைக்கும் கிடைக்கிறது. வீட்டு ஷெட்டில் வைத்தே ஒருவர் கழற்றி மாட்டலாம். அதனால்தான் வாங்கி, சரிசெய்து, விற்கிற ஆட்களுக்கு இது செல்லப் பிள்ளை.

சிக்கல் எஞ்சினில் இல்லை. இந்தக் காருக்குத் தனியாக சேஸி கிடையாது, பாடியே சேஸி. அதிலும் ரோட்ஸ்டர் மாடலுக்குத் தலைக்கு மேல் இரும்புக் கூரையும் கிடையாது. அப்படியானால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வண்டி வளையாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது? பெரும்பாலும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதிதான். சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தகடு, அடியில் ஒரு பட்டை என்று எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டி. முன் சக்கரம் வாரி இறைக்கிற சேறு இதன் முன்பக்கம் போய் அடைகிறது. குளிர்காலத்தில் ஐஸ் உறையாமலிருக்க அந்த ஊர் ரோட்டில் உப்பு தூவுவார்கள், அதுவும் கூடவே போகிறது. உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

ஒழுங்கான வேலை என்பது என்ன? கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பியை வெல்டு செய்து பாடியை அசையாமல் நிறுத்திவிட்டு, துருப்பிடித்த தகடு எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிட்டு, புதுசாகக் கட்டுவது. கம்பி கொடுக்காமல் அறுத்தால் பாடி வளைந்துவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது. குறுக்கு வழி என்ன? துருவின் மேலேயே ஒரு புதுத் தகட்டை ஒட்டு போட்டு, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிற கூரையில்லாத காரில், அந்தப் பட்டிதான் உட்கார்ந்திருக்கிறவரின் உயிர்!

(1974-ல் அமெரிக்கச் சட்டத்துக்காக வந்த கறுப்பு ரப்பர் பம்பரைக் கழற்றிவிட்டு குரோம் மாட்டுவதற்கென்றே பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அது அழகுச் சமாச்சாரம், யாருக்கும் ஆபத்தில்லை. அதை இங்கே விட்டுவிடலாம்.)

"அறுபது வருஷப் பழைய கார், வாங்குகிறவன் பார்த்து வாங்கணும்" என்பது விற்கிறவர்களின் வழக்கமான பதில். மூடிய பெட்டிக்குள் எதைப் பார்ப்பது? நம்மூர் எஃப்.சி. மாதிரி அங்கே எம்.ஓ.டி. என்று வருடாந்திரச் சோதனை உண்டு. 2018 மே மாதம் முதல், நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அதுவும் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அபிங்டன் ஆலை மூடியது 1980-ல். ஆக, இன்றைக்கு ஏறக்குறைய எல்லா எம்.ஜி.பி.யும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறையாவது கீழே குனிந்து பார்த்த ஒரு ஆளும் போயாச்சு.

சட்டம் ஒன்றுமே சொல்லவில்லையா என்றால், சொல்கிறது. கடைக்காரரிடம் வாங்கினால் 2015-ம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் காப்பாற்றும். தனிநபரிடம் வாங்கினால் தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் வேடிக்கை. வருஷத்துக்கு நாலு கார் வாங்கி, ஒட்டு போட்டு விற்கிறவரும் "என் சொந்த வண்டி" என்றே விற்றால்? ஒருபக்கம் நுகர்வோர் சட்டத்திலிருந்து தப்பிக்கிறார். இன்னொரு பக்கம், அந்த நாட்டில் சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது என்ற சலுகையிலும் ஒளிந்துகொள்கிறார். தொழிலாகச் செய்தால் வருமான வரி கட்டணும் சாமி! அக்கவுண்டன்சி முதல் வருஷப் பாடம் இது.

அதே முதல் வருஷத்தில் வருகிற இன்னொரு பெயர் ஜார்ஜ் அகர்லாஃப். 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதி, 2001-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். நல்ல காரையும் ஓட்டைக் காரையும் வாங்குகிறவரால் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், ரெண்டுக்கும் நடுவாந்தரமான விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருக்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது, அவர் சந்தையை விட்டே போய்விடுவார். எம்.ஜி.பி. விஷயத்தில் அப்படிப் போகிறவர் யார்? ராத்திரி பகலாக உட்கார்ந்து தகட்டை அறுத்துக் கட்டினாரே, அவர்தான்.

"ஒழுங்காகச் செய்தால் விற்கிற விலையைவிடச் செலவு அதிகம் ஆகுது, என்ன பண்றது?" என்று கேட்பார்கள். உண்மைதான், பல நேரம் அப்படித்தான் ஆகிறது. அப்படியானால் அந்த வார்த்தையைப் பயன்படுத்தாதீர்கள்! துருவோடு, "துரு இருக்கு" என்று சொல்லி விற்கலாமே. அதையும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே முழு எம்.ஜி.பி. பாடியைப் புதுசாகச் செய்து விற்கிறது. வசதியுள்ளவர் அதை வாங்கிப் போட்டுக்கொள்வார். இன்னொரு கூட்டம் பில் கட்டைக் காட்டுகிறது. செலவழித்த பணம் விலை ஆகிவிடாது. அதுவும் அந்தப் பில்லில் முக்கால்வாசி பெயின்டுக்கும் சீட்டுக்கும் என்றால், சில்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

காட்ட வேண்டியது போட்டோ. அறுத்த நாளில் உள்ளே எப்படி இருந்தது, கம்பி எங்கே கொடுத்தார்கள், புதுத் தகடு எப்படி உட்கார்ந்தது என்று வரிசையாக. கூடவே, கட்டாயமில்லாவிட்டாலும் விற்பதற்கு முன்னால் ஒரு எம்.ஓ.டி. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடங்களைச் சுற்றியுள்ள துருவையாவது அதில் பார்ப்பார்கள். இந்த ரெண்டும் இல்லாமல் "ரீஸ்டோர்" என்று எழுதியிருந்தால், வாங்கப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போகட்டும். பட்டி பூசின இடத்தில் அது ஒட்டாது. கதவு இடுக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடச் சொல்லட்டும். கதவு சிக்கினாலோ, "அதெல்லாம் எதுக்கு சார்" என்கிற மாதிரி விற்கிறவர் நெளிந்தாலோ, வந்த ரயிலிலேயே திரும்பிவிடலாம்.