உப்புத் தண்ணீரில் ஒரு மீன்தொட்டி

வீட்டுத்தோட்டம், கோழி, காளான் என்று இப்பக்கத்தில் எழுதி வரும் என்னிடம் இம்முறை ஒரு சகோதரி புதிதாக ஒன்றைக் கேட்டிருக்கிறார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். போரில் கணவரை இழந்து, இப்போது இங்கே ஸ்பிரிங்வெளியில் உறவினரோடு வாழ்கிறார். "கடல் மீனை வீட்டில் வளர்க்கலாமா அக்கா? அதற்குக் கடன் எடுக்கலாமா?" என்பது அவரது கேள்வி.

வளர்க்கலாம். என் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஓரடி. ஐம்பது லீற்றர் பிடிக்கும். தண்ணீரும் மணலும் சேர்ந்தால் உரமூடையை விடப் பாரம் என்பதால் உறுதியான பலகை வேண்டும். வெயில் படும் சன்னலோரம் ஆகாது, பாசி பிடித்துவிடும்.

கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஐம்பது லீற்றருக்கு ஒன்றே முக்கால் கிலோ. சமையல் உப்பைக் கரைத்தால் போதாது. கடலில் மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் எல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துத் தயாரித்த உப்புக் கலவை மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். செங்கலடி வீதியால் மட்டக்களப்புக்குப் போய் வருபவர்களிடம் கான் கொடுத்து அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம். ஆனால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அள்ளிய நீர் உதவாது, உப்புக் குறைந்திருக்கும்.

உப்பைக் கரைக்கும் நீரிலும் கவனம் வேண்டும். தேயிலையில் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பது நமக்குத் தெரியும். மலைக்குக் கீழே வரும் பீலித் தண்ணீரில் அது கலந்திருக்கக்கூடும். மனிதருக்குத் தெரியாத அளவு செம்பே கடல் இறாலைக் கொன்றுவிடும். ஆகையால் வடிகட்டிச் சுத்திகரித்த நீரே நல்லது.

இனித்தான் பொறுமை வேண்டிய வேலை. உப்புநீர், மணல், வடிகட்டி, காற்றுப் பம்பி எல்லாம் வைத்த பிறகும் மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அது நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவை பெருக நாலு முதல் ஆறு கிழமை ஆகும். அதுவரை ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் வெறும் தண்ணீரில் போட்டு வாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக வந்த பின்னர் ஒரு மீனை விடலாம்.

தண்ணீர் வற்றும்போது பலரும் உப்புநீரையே ஊற்றுவார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். எனவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும். உப்பின் அளவை நீரமானியில் பார்க்கலாம். 1.025 அளவில் இருந்தால் சரி.

நமது குளிருக்கு ஹீற்றர் கட்டாயம். நீர் 25, 26 பாகையில் இருக்க வேண்டும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு வந்ததே, அப்படியொன்று மீண்டும் வந்தால் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று உயிர் காக்கும்.

முதல் மீனாகக் கோமாளி மீனைச் சொல்வேன். பிள்ளைகள் 'நீமோ' என்பார்கள். கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அதுதான் தலைவி. அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறிவிடும்! முட்டையைக் காவல் காப்பது பெரும்பாலும் ஆண். தொட்டியில் பிறந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்தது சுழியோடிகள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டு வந்தது. பெட்டியில் அடைபட்டு வருவதால் பலவீனமாகவும் இருக்கும். பவளப்பாறைத் துண்டு எதையும் கரையிலிருந்து கொண்டு வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

இனிக் கடன் பற்றி. லட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் கடல் அலங்கார இறாலும் மீனும் வளர்த்து வருமானம் தேடப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல் வாசலில் இருக்கிறது. நமக்கு உப்பு, ஹீற்றர், மின்கட்டணம் எல்லாமே செலவு. மலையில் உப்புநீர்த் தொட்டி மனதுக்கு ஆறுதல் தரும், அடுப்பெரிய உதவாது. நுண்கடன்காரர் கிழமைதோறும் வாசலில் நிற்கும் வீட்டில் இதற்காக இன்னொரு கடன் எடுக்கவே வேண்டாம். கையில் மிஞ்சும் காசைச் சீட்டுக்கட்டிச் சேர்த்து, சிறிது சிறிதாக வாங்குங்கள்.

வருமானமே நோக்கமென்றால் நன்னீர் அலங்கார மீன்தான் வழி. இலங்கையிலிருந்து கப்பி மீன் ஏற்றுமதியாகிறது. தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் பயிற்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள். உயரமான மேற்பிரிவுகளில் இருப்பவர்களுக்குக் கப்பியை விடக் குளிர் தாங்கும் தங்கமீன் பொருந்தும். சீமெந்துத் தொட்டி கட்டும் முறையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.